இடது கையில் ஒரு நண்டு

"குருசா, மாதாவா?" என்று குறத்தி கேட்டாள்.

"நண்டு" என்றேன்.

அவள் ஊசியைச் சாக்கின் மேல் வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள். தலவில் கோயில் திருநாளின் கடைசி நாள் அது. வெயில் ஏறிவிட்டது. கோயில் பக்கமிருந்து பாட்டும் வெடிச் சத்தமும் மாறி மாறி வந்தன. மணல் முழுக்க யாத்திரை வந்தவர்களின் ஓலைக் குடில்கள். அவற்றின் நடுவே ஒரு பூவரச மரத்தடியில் இவள் உட்கார்ந்திருந்தாள். முன்னால் ஒரு பலகை. தனக்குக் குத்தத் தெரிந்த படங்களை எல்லாம் அதில் கரியால் கீறி வைத்திருந்தாள். குருசு என்னும் சிலுவை மூன்று விதம், முடி சூடிய மாதா, தேள், மீன், பூ, வளையல் போல ஓடும் புள்ளிகள்.

"நண்டு பலகையில இல்லையே, தங்கச்சி."

"இல்லாதபடியாத்தான் கேக்கிறன்."

"எனக்கு நண்டு தெரியாது. ஒருத்தரும் கேட்டதில்ல."

"நான் கீறித் தாறன், அக்கா. நீங்க அதுக்கு மேல குத்துங்க."

இடுப்பில் செருகியிருந்த பென்சிலை எடுத்தேன். நாக்கில் நனைத்தால் ஊதாவாக எழுதும் பென்சில். கடைசிச் சோதனை எழுதி முடித்தபோது மிஞ்சிய துண்டு. இடது கையை மடியில் நீட்டி, முழங்கைக்குச் சற்றுக் கீழே, எல்லோருக்கும் தெரியும் பக்கத்தில் கீறினேன். யோசிக்கத் தேவைப்படவில்லை. சிலேட்டிலும் மணலிலும் கணக்குக் கொப்பியின் ஓரத்திலும் நான் எத்தனையோ தரம் கீறிய நண்டு. ஒரு கொடுக்கு பெரிது, மற்றது சிறிது. கண்கள் இரண்டும் குச்சியின் மேல் நிற்கும்.

குறத்தி குனிந்து பார்த்தாள். "கால் எட்டா?"

"எட்டு. கொடுக்கு ரெண்டு வேற."

"சரி. பிறகு ஒரு கால் குறையுதெண்டு சண்டைக்கு வரப்படாது."

மூன்று ஊசிகளை நூலால் ஒன்றாகக் கட்டியிருந்தாள். விளக்குக் கரியும் ஏதோ இலைச் சாறும் குழைத்த மை ஒரு சிரட்டையில் இருந்தது. எறும்பு கடித்தது போலத்தான் இருக்கும் என்று ஊரில் சொல்வார்கள். பொய். முதல் காலிலேயே என் கண் நிறைந்துவிட்டது. நான்காவது காலில், பாதி நண்டு போதும் என்று சொல்ல வாயைத் திறந்தேன். குறத்தி நிமிர்ந்து, "நிப்பாட்டவா?" என்றாள். கேட்ட மாதிரியில் ஒரு சிரிப்பு இருந்தது.

"குத்துங்க."

எட்டுக் காலும் வந்தன. மஞ்சளும் எண்ணெயும் தடவி விட்டாள். கை அடுப்பிலிருந்து இறக்கிய சட்டி போலச் சுட்டது. நான் எழுந்தபோது எனக்குப் பின்னால் காத்திருந்த இரண்டு பெண்கள் ஒதுங்கி வழி விட்டார்கள். பெரிய மனுசிக்கு வழி விடுகிறார்கள் என்று அன்று நினைத்தேன். பைத்தியத்துக்கு விட்டிருக்கிறார்கள் என்று இப்போது தோன்றுகிறது. இரண்டும் எனக்குச் சம்மதம்தான்.

அப்போது எனக்குப் பதினேழு வயது.

ஏன் நண்டு?

சென்ற கிழமை இந்தப் பத்திரிகைப் பத்தியில் எழுதியபோது "கையில் நண்டோடு நான்" என்று போகிற போக்கில் ஒரு வரி போட்டுவிட்டேன். அதற்கு மூன்று கடிதங்கள் வந்திருக்கின்றன. படித்த பெண்ணுக்கு இது அழகா என்று ஒருவர் கேட்கிறார். இன்னொருவர், இது என்ன மந்திரம், எதற்குக் காவல் என்று கேட்கிறார். மூன்றாமவர் பச்சையை அழிக்கும் மருந்து ஒன்று தனக்குத் தெரியும், விலாசம் தந்தால் அனுப்புவதாகச் சொல்கிறார். அந்த மருந்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். எனக்கு அது நன்றாகத் தெரியும்.

முதலாமவருக்கு: அழகுதான் ஐயா. அழகுக்காகத்தான் குத்தினேன்.

இரண்டாமவர் கேட்டது நியாயம். எங்கள் கரையில் பச்சை இல்லாத உடம்பு குறைவு. ஆனால் ஒவ்வொரு பச்சைக்கும் ஒரு வேலை இருந்தது. பெண்களின் தாடையில் இருக்கும் புள்ளி கண்ணூறுக்கு. புத்தளம் உப்பளத்தில் வேலை செய்த ஒருவர் காலில் தேள் வைத்திருந்தார், தேள் கடிக்காமல் இருக்க. அப்பாவின் கையிலும் பெரியப்பாவின் கையிலும் இருக்கும் குருசு கடலுக்கு. என் நண்டுக்கு ஒரு வேலையும் கிடையாது. சும்மா இருக்கிறது. அதுதான் ஊரால் பொறுக்க முடியாமல் போயிற்று.

என் பெயரைப் பங்குச் சுவாமி வைத்தார். என் காதைத் தட்டார் குத்தினார். நான் அழுததை ஒருவரும் கேட்கவில்லை. சட்டைத் துணியின் நிறத்தை அம்மா சொன்னார். படிப்பு, நான் தலை வணங்கும் ஒருவர் பார்த்துத் தந்தது. இந்த உடம்பில் நானே கேட்டு, நானே கீறி, நானே நோவைப் பொறுத்து வாங்கியது இந்த நண்டு ஒன்றுதான்.

சரி, ஏன் நண்டு? ஆலங்குடாவில் எங்கள் வீட்டு முற்றம் வரை கடல் நண்டு வரும். சின்ன வயதில் வாடியில், அதுதான் மீன் காயப்போடும் இடத்தில், காகம் விரட்டுவது என் வேலை. காகம் வராத நேரத்தில் நண்டு பார்ப்பேன். ஆள் கிட்டப் போனால் அது ஓடும். ஆனால் முதுகைக் காட்டி ஓடாது. கண் இரண்டையும் நம் மேல் வைத்து, கொடுக்கைத் தூக்கிப் பிடித்தபடியே ஓடும். எனக்கு அந்த ஓட்டம் பிடித்திருந்தது.

தன் கல்லறைக்குத் தானே திரி ஏற்றியவர்

கடலுக்குக் குருசு என்றேன். அதை விளக்காமல் மேலே போக முடியாது.

கடலில் போனவரின் உடல் எந்தக் கரையில் ஒதுங்கும் என்று சொல்ல முடியாது. எந்தக் கரையானாலும் கையில் குருசைக் கண்டால் சுவாமியைக் கூப்பிட்டு அடக்கம் செய்வார்கள். அதற்காகவே எங்கள் ஆண்கள் இடது கையில் ஒரு குருசும் அதன் கீழ் மூன்று புள்ளியும் குத்திக்கொள்வார்கள்.

எனக்கு ஐந்தாறு வயதாக இருந்தபோது, தெற்கிலிருந்து அடிக்கும் சோளகக் காற்றுக் காலம் ஒன்றில், பெரியப்பாவின் வள்ளம் திரும்பவில்லை. நாலாம் நாள் கற்பிட்டிப் பக்கத்தில் ஒரு உடல் ஒதுங்கியது. முகத்தைப் பார்த்து ஆளைச் சொல்லும் நிலையில் அது இல்லை. அப்பா போய்க் கையைத் திருப்பிப் பார்த்தார். குருசு, கீழே மூன்று புள்ளி. "அண்ணன்தான்" என்று சொல்லிவிட்டு மணலில் உட்கார்ந்து அழுதாராம்.

ஊர் கூடி அடக்கம் செய்தது. மரக் குருசில் பெரியப்பாவின் பெயரை எழுதி நட்டார்கள். பெரியம்மா கறுப்பு உடுத்தார்.

பதினோராம் நாள் பின்னேரம், வீட்டில் எல்லோரும் முழங்காலில் இருந்து செபமாலை சொல்லிக்கொண்டிருந்தோம். வாசலில் ஒரு ஆள் வந்து நின்றார். தாடி வளர்ந்து, இடுப்பில் வேறு யாரோ தந்த சாரத்தோடு. கூட்டத்தைப் பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார்.

"யாருக்குச் செபம்?" என்றார்.

பெரியம்மா அப்படியே பின்னால் சாய்ந்துவிட்டார். அப்பாதான் பதில் சொன்னார்.

"அண்ணே, உங்களுக்குத்தான்."

காற்று அவரை மன்னார்க் கரையில் கொண்டுபோய்ப் போட்டிருந்தது. காய்ச்சலில் கிடந்து, எழும்பி, பாதி வழி வண்டியிலும் பாதி வழி நடந்தும் வந்து சேர்ந்திருக்கிறார். பெரியப்பா செபத்துக்கு ஏற்றியிருந்த மெழுகுதிரியை ஊதி அணைத்துவிட்டு, "செத்தவனுக்குக் கோப்பி தருவீங்களா, இல்லையா?" என்று கேட்டார்.

அப்படியானால் கல்லறையில் இருப்பது யார்? இன்று வரை தெரியாது. நீர்கொழும்பிலிருந்து மன்னார் வரை எத்தனை கையில் அதே குருசும் அதே மூன்று புள்ளியும். எல்லோரும் அதே குறத்திகளின் அதே பலகையைப் பார்த்துக் குத்திக்கொண்டவர்கள்தான். மரக் குருசிலிருந்து பெயரைச் சுரண்டி எடுத்தார்கள். குருசை அப்படியே விட்டார்கள். ஒவ்வோர் ஆத்துமாக்கள் திருநாளுக்கும் பெரியப்பா போய், தன் பெயர் இருந்த அந்த இடத்தில் ஒரு திரி ஏற்றிவிட்டு வருவார். "எனக்குப் பதிலா வந்து படுத்திருக்கிறான், பாவம்" என்பார்.

என் நண்டைப் பார்த்து அப்பா மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை. பெரியப்பாதான் என் கையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நல்ல வேலை செய்தாய், மகள். நீ செத்தா உன்னை ஒருத்தனும் மாறிப் புதைக்கமாட்டான்."

அதைக் கேட்டு உள்ளே இருந்த அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாலாம் நாள் என்னிடம் கேட்டார்: "அந்த ஒரு கொடுக்கு ஏன் அவ்வளவு பெரிசு?"

நீளக்கை

நான் தலை வணங்கும் ஒருவர் என்று மேலே சொன்னேன். அவர் மதர். எங்கள் கரையில் இருந்த பெண்கள் பள்ளிக்கூடத்தின் தலைவி. யாழ்ப்பாணத்துப் பெரிய குடும்பம் ஒன்றிலிருந்து கன்னியர் மடத்துக்கு வந்தவர். வெள்ளை உடுப்பில் ஒரு சுருக்கம் இருக்காது.

எனக்குப் பத்து வயதாக இருக்கும்போது ஒரு நாள் வாடிக்கு வந்தார். கருவாட்டு நாற்றத்துக்கு மூக்கைப் பொத்தாமல் நின்றார். மணலில் நான் கீறி வைத்திருந்த நண்டுகளைப் பார்த்தார். "இந்தப் பிள்ளையைப் பள்ளிக்கு விடுங்கோ" என்று அப்பாவிடம் சொன்னார். அப்பா சிரித்தார். அடுத்த கிழமையும் வந்தார். அதற்கு அடுத்த கிழமையும் வந்தார். ஐந்தாம் தடவை அப்பா சிரிக்கவில்லை.

எங்கள் வீட்டில் முதல் எழுத்து எழுதியது நான். அதற்கு முன் எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் பெருவிரல்தான் ஒப்பம். இதை நான் வெட்கப்பட்டுச் சொல்லவில்லை. அந்தப் பெருவிரல்களின் மேல் ஏறி நின்றுதான் நான் எழுதுகிறேன்.

சோதனை பாசானதும் அதே பள்ளிக்கூடத்தில் மதர் என்னை உதவி ஆசிரியையாக எடுத்தார். இரண்டாம் உலக யுத்தம் தொடங்கி, அரிசி கூப்பனுக்கு வந்துவிட்ட காலம். ஆறு மாதம் பார்ப்பார்கள். பிறகு ஒரு படிவம் நிரப்பிக் கல்விக் கந்தோர் என்னும் அலுவலகத்துக்கு அனுப்பினால் உத்தியோகம் நிரந்தரம். அப்பா அந்த நாளுக்காக ஒரு கதிரை வாங்கி வைத்திருந்தார். "டீச்சர் இருந்து கொப்பி திருத்த வேணுமே" என்பார். வேறு யாரையும் அதில் உட்கார விடமாட்டார்.

முதல் நாள் மதர் என் கையைக் கண்டார்.

"இதென்ன?"

"நண்டு, மதர்."

"நண்டெண்டு தெரியுது. ஏன்?"

"பிடிச்சிருந்தது."

"இங்க ஆம்பிளையள் குருசு குத்துறது பக்தி. இது அகம்பாவம், ஆக்னஸ். நாளைக்கு நீளக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வாரும்."

ஓம், அகம்பாவம்தான் என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. வாடியில் மூக்கைப் பொத்தாமல் நின்ற அந்த முகத்தைப் பார்த்ததும் நாக்கு மடங்கிவிட்டது. அடுத்த நாள் மணிக்கட்டு வரை கை வைத்த சட்டையோடு போனேன். பங்குனி வெயிலிலும் போட்டேன். அக்குள் வெந்து கொப்பளித்தது. எனக்கு உத்தியோகம் வேண்டியிருந்தது. பயமும் இருந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

பிலோமினாவின் மணிக்கட்டு

என் வகுப்பில், பக்கத்து ஊரிலிருந்து வரும் பிலோமினா என்று ஒரு பிள்ளை. பத்து வயது. கணக்கில் கெட்டி. கேள்வி கேட்பதில் அதைவிடக் கெட்டி. அவள் வலது மணிக்கட்டில் ஐந்து புள்ளிப் பூ ஒன்று இருந்தது, திருநாளில் அவள் தாய் குத்துவித்தது. எழுதும்போது அந்தப் பூ சிலேட்டின் மேல் அசைந்து அசைந்து போகும். எனக்கு அதைப் பார்க்க ஆசை.

ஞானோபதேச வகுப்பில் மதர் சொன்னார்: தேவன் தந்த தோலைக் கரியால் கெடுப்பது காட்டுச் சனத்தின் வேலை. பிள்ளைகள் எல்லோரும் பிலோமினாவின் கையைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அன்று பள்ளி விட்டதும் அவள் என் மேசைக்கு வந்தாள்.

"டீச்சர், உங்கட கையில ஒண்டும் இல்லையா?"

சட்டைக்குள்ளே நண்டு இருந்தது. வியர்வையில் அரித்துக்கொண்டிருந்தது.

"இல்லை. போய்ப் பாடத்தை எழுது" என்றேன்.

அவள் தன் மணிக்கட்டை மறுகையால் மூடிக்கொண்டு போனாள்.

இரண்டு கிழமை அவள் பள்ளிக்கு வரவில்லை. காய்ச்சல் என்றார்கள். வந்தபோது வலது மணிக்கட்டில் துணி சுற்றியிருந்தது. இடது கையால் எழுத முயன்று சிலேட்டைக் கீழே போட்டாள். துணியை நான்தான் அவிழ்த்தேன்.

கஜு என்னும் முந்திரிக் கொட்டை சுட்ட கையை நீங்கள் பார்த்திருக்கிறீர்களோ தெரியாது. எங்கள் பக்கம் கஜு மரம் நிறைய உண்டு. பச்சைக் கொட்டையின் தோட்டில் ஒரு எண்ணெய் இருக்கிறது. அது பட்ட இடத்தில் தோல் கறுத்து, வெந்து, உரிந்து வரும். மருந்து அனுப்புவதாக எழுதிய வாசகரே, உங்கள் மருந்து அதுதான். பிலோமினாவின் மணிக்கட்டில் பூ இருந்த இடத்தில் ஒரு செம்புச் சல்லிக் காசு அளவுக்குத் தோலே இல்லை. ஓரத்தில் ஒரு புள்ளி மட்டும் மிச்சம் இருந்தது.

"யார் செய்தது?"

"அம்மாதான், டீச்சர். நான்தான் கேட்டன்." அவள் அழவில்லை. பெருமையாகச் சொன்னாள். "உங்கட கை மாதிரி வெறுமையா வேணும் எண்டு சொன்னன்."

நான் இடது சட்டைக் கையின் பொத்தானைக் கழற்றினேன். மடித்தேன். முழங்கைக்கு மேலே தள்ளினேன்.

பிலோமினா நண்டைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். தன் புண்ணைப் பார்த்தாள்.

"உங்களுக்கும் இருக்கா?" என்றாள். "அப்ப என்டய ஏன் எரிச்சது?"

சட்டைக் கையை இன்று வரை நான் கீழே இறக்காமல் இருப்பது அந்தக் கேள்வியால்தான்.

ஒரு கட்டம்

அடுத்த நாளே படிவத்தை நிரப்ப வேண்டியிருந்தது. மதரின் அறையில், அவருடைய மேசையில், அவருடைய பேனாவால் நிரப்பினேன். என் கை திறந்திருந்ததை அவர் பார்த்தார்.

பெயர், பிறந்த ஊர், தகப்பன் பெயர், பாசான சோதனைகள். கடைசியில் இரண்டு வரி அளவுக்கு ஒரு கட்டம்: ஆளை அறிந்துகொள்ள உடம்பில் உள்ள அடையாளங்கள். அதன் கீழே, மேலே எழுதியதெல்லாம் சரி என்று பள்ளித் தலைவர் ஒப்பம் வைக்க வேண்டும்.

முதல் வரியில் எழுதினேன்: வலது கன்னத்தில் மச்சம். இரண்டாம் வரியில் எழுதினேன்: இடது கையில் பச்சை குத்திய நண்டு.

மதர் வாசித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"மச்சம் போதும். மற்றதை வெட்டிவிடும்."

"ரெண்டும் இருக்கே, மதர்."

"ஆக்னஸ், இது அரசாங்கக் கந்தோருக்குப் போற கடதாசி. இந்தப் பள்ளிக்கூடத்தின்ர மானம் இதில கிடக்கு. நண்டெண்டு எழுதினதுக்குக் கீழ நான் ஒப்பம் வைக்கிறதோ?"

"இல்லை எண்டு ஒரு தரம் சொல்லிட்டன், மதர். பிலோமினா என்னட்டக் கேட்டாள், இல்லை எண்டன். அவளின்ட கையைப் பாத்தீங்களா?"

"பாத்தனான்." அவர் குரல் சற்றுத் தாழ்ந்தது. "அது தாயின்ர அறியாமை."

"தாய் எண்ணெய் தடவினா. ஆசையைக் குடுத்தது நாங்கள் ரெண்டு பேரும்தான்."

மதர் எழுந்து சன்னலுக்குப் போனார். எனக்கு முதுகு காட்டி நின்றார். அவர் முதுகை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"உம்மை நான் வாடியில இருந்து கூட்டிக்கொண்டு வந்தனான். மறந்திட்டீரோ?"

"மறக்கல்ல. நீங்க கூட்டி வந்த பிள்ளை மணலில கீறிக்கொண்டு இருந்தது இந்த நண்டைத்தான்."

அவர் மேசைக்கு வந்து, படிவத்தை மடித்து, என் பக்கம் தள்ளினார். ஒப்பம் இல்லை.

"வெட்டிப்போட்டுக் கொண்டுவாரும். இல்லாட்டி வரவேண்டாம்."

படிவத்தை எடுத்துக்கொண்டேன். "நன்றி, மதர்" என்றேன். அதை மனதாரத்தான் சொன்னேன், எல்லாவற்றுக்கும் சேர்த்து. கதவு வரை அவரைப் பார்த்தபடியே பின்னால் நடந்து போனேன். வாசற்படியில் இடறப் பார்த்தேன். நண்டுகள் எப்படி இடறாமல் போகின்றனவோ தெரியவில்லை.

கதிரை

அப்பா என்னை அடிக்கவில்லை. அடித்திருக்கலாம்.

"ஒரு நண்டுக்காகவா?" என்றார். "மகள், கடலில பிடிச்சா வலையைக் கிழிக்குது எண்டு தூக்கி எறியிற நண்டு. அதுக்காகவா உத்தியோகத்தை விட்டாய்?"

"வெட்டச் சொன்னாங்க, அப்பா."

"ஒரு கோடுதானே! இழுத்திருந்தா என்ன? நான் எழுதத் தெரியாதவன். எனக்கு எழுதத் தெரிஞ்சிருந்தா நானே இழுத்திருப்பன்."

அன்றே கதிரையை மச்சில் தூக்கிப் போட்டார். விடியப்புறம் என்னை வாடிக்குக் கூட்டிப் போனார். காலை முழுக்க மீன் கீறி, உப்புப் போட்டு, பாயில் பரப்பினேன். உப்பு நண்டின் மேல் காய்ந்து வெள்ளையாக நிற்கும். தட்டிவிடுவேன். வழியில் போகும் பெண்கள் வேண்டுமென்றே நிற்பார்கள்.

"என்ன டீச்சர், இண்டைக்கு என்ன பாடம்?"

"பாரைமீன் பாடம். இருந்து படிச்சிட்டுப் போங்க."

"நண்டு டீச்சர் நல்லாக் கதைக்கிறா!"

அந்தப் பேர் நிலைத்துவிட்டது. நான் மறுக்கவில்லை. அதை வைத்தது ஊர். நண்டைக் கீறியது நான்.

ஒரு நாள் வாடிப் பக்கம் பிலோமினா வந்தாள். புண் ஆறி, மணிக்கட்டில் வெளுத்த தழும்பு ஒன்று பளபளத்தது. கணக்கு ஒன்று விளங்கவில்லையாம். மணலை மட்டப்படுத்தி அதில் செய்து காட்டினேன். அடுத்த நாள் இன்னும் இரண்டு பிள்ளைகளோடு வந்தாள். அப்பா தூரத்தில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். நாலாம் நாள் மச்சிலிருந்து கதிரை இறங்கி வாடிக்கு வந்திருந்தது. மணலில் ஒரு கால் புதைந்து சரிந்து நிற்கும் கதிரையில் இருந்து படிப்பித்தேன்.

கடலா, களப்பா?

வண்ணாத்திவில்லுப் பக்கம் ஒரு அரசாங்கப் பள்ளிக்கூடம் திறந்திருப்பதாகப் பெரியப்பாதான் கேள்விப்பட்டு வந்தார். மலேரியாவுக்குப் பயந்து ஆசிரியர் யாரும் போகாத இடம். கடல் இல்லை, களப்பு என்னும் உப்பேரியும் இல்லை. காடு, குளம், யானைச் சாணம். பெரியப்பாவும் நானும் வண்டி பிடித்துப் போனோம். சட்டைக் கையை முழங்கைக்கு மேலே மடித்திருந்தேன். ஒளித்து வைத்துப் பிறகு காட்டும் வேலையை நான் இனிச் செய்வதாக இல்லை.

ஓலை போட்ட கட்டிடம். தலைமை ஆசிரியர் புத்தளத்துக்காரர். வெள்ளைத் தொப்பி, நரைத்த தாடி. மேசையில் கொயினா மாத்திரைப் போத்தல். "உக்காருங்க புள்ள" என்றார். மடிப்புக் கலைந்து ஓரம் பழுப்பேறிய என் பழைய படிவத்தையே நீட்டினேன். மேலே இருந்து கீழே விரலை ஓட்டி வாசித்துக்கொண்டே வந்தார். கடைசிக் கட்டத்தில் விரல் நின்றது.

என் கையைப் பார்த்தார். படிவத்தைப் பார்த்தார். மறுபடியும் கையைப் பார்த்தார். பெரியப்பா பக்கத்தில் இருமினார். நான் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். வெட்டச் சொன்னால் எழுந்துவிடுவது என்று வழியெல்லாம் முடிவு செய்து வந்திருந்தேன். ஆனாலும் இதற்கு அப்பால் எனக்குக் கேட்க வேறு பள்ளிக்கூடம் இல்லை.

"எங்கட மார்க்கத்துல ஒடம்புல பச்ச குத்துறது கூடாது, புள்ள" என்றார்.

"ஓம் சேர், தெரியும்."

"பொய் எழுதுறதும் கூடாது."

பேனாவை மையில் தோய்த்தார். ஒப்பம் வைக்கப் போன கையை நிறுத்தி, புருவத்தைச் சுருக்கினார்.

"ஆனா இது சரியா எழுதல்லயே. நண்டு எண்டு மொட்டையாப் போட்டா கந்தோர்ல என்னத்த வெளங்குவாங்க? கடல் நண்டா, களப்பு நண்டா?"

பெரியப்பா கூரை அதிரச் சிரித்தார். நான் பேனாவை வாங்கி, நண்டு என்ற சொல்லுக்கு முன்னால் கொஞ்சம் இடுக்கி எழுதினேன்: கடல்.

அவர் அதன் கீழே ஒப்பம் வைத்தார்.